கு_சாமி நீங்கலாக

எங்கள் வெள்ளூரணியில் மனைவியர் கணவரின் பெயரை முழுமையாகச் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. ஆகவே பேரூராட்சி மன்றத்தின் பின்சுவரில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெயரின் வடிவத்தை எழுதினால், அந்த வடிவத்துக்குள் அடங்கும் பெயருடையவர்கள் அனைவரும் அந்த நொடியே மன்றத்தில் வந்து நிற்பார்கள். மனைவி தனக்குரியவரை அடையாளம் கண்டு அழைத்துச் செல்வாள். எஞ்சியவர்களை, பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவோம்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்தப் பலகையில் எழுதும் பணி எனக்கு வந்தது. எனக்கு முன் எழுதியவர் எழுத்தின் வளைவுகளை முழுமையாக முடிக்கமாட்டார். அதனால் சிலர் இடுப்பு வரைக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். நான் பொறுப்பேற்ற பிறகு அத்தகைய குறை எதுவும் எழவில்லை. பலகை ஒரு காலத்தில் ஒருவர் கைக்குத்தான் கட்டுப்படும்; இப்போது அது என் கை.

வடிவம் எழுத இரண்டு குறிகள் போதும். ஒன்று விழுக்காட்டுக் குறி. அது நிற்கும் இடத்தில் எத்தனை எழுத்துகள் வேண்டுமானாலும் வரலாம். எதுவும் வராமலும் இருக்கலாம். மற்றொன்று கோடு. அது நிற்கும் இடத்தில் ஓர் எழுத்து வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எந்த எழுத்து என்பதைப் பற்றிக் கோடு கவலைப்படாது. இரண்டில் கோடே எனக்கு உகந்தது. விழுக்காட்டுக் குறி, படிக்காமல் வந்து பக்கம் பக்கமாக எழுதும் மாணவனைப் போன்றது.

ஊராருக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படவில்லை. மாவு அரைக்கும் ஆலைக்காரரின் மனைவி மாரிக்கனி வந்து நிற்பாள்.

"டீச்சர், முன்னால 'கு', கடைசியில 'சாமி'. நடுவுல என்னத்தையாவது போட்டுக் கூப்பிடுங்க."

"நடுவில் எத்தனை எழுத்து என்று சொல்லம்மா. கோடு போட்டால் உன் வீட்டுக்காரரும் இன்னும் ஓரிருவரும் மட்டும் வருவார்கள்."

"எத்தனைன்னு எண்ணினா மனசுக்குள்ள சொன்ன மாதிரி ஆயிடும்ல டீச்சர்? பர்சென்ட்டே போடுங்க."

கு%சாமி என்று எழுதுவேன். குப்புசாமி வாயில் பற்பசை நுரையுடன் வருவார். குழந்தைசாமி, கறந்துகொண்டிருந்த செம்புடன் வருவார், மாடு வராது. மாரிக்கனியின் கணவர் தலைமுடியெல்லாம் மாவாக வருவார். வரிசையின் கடைசியில் என் கணவர், கையில் அரிவாள்மணையும் பாதி நறுக்கிய அவரைக்காயுமாக நிற்பார். அவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுச் சமையல் அவருடையது. ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. நான் துணியை எடுப்பதைக் கண்டதும், "உப்பு போட்டேனா இல்லையான்னு மறந்துபோச்சு. சாயங்காலம் நீயே பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு மறைவார்.

அவரை மட்டும் அழைக்க வேண்டியிருந்தால் நான் இப்படி எழுதுவேன்: கு_சாமி.

நான்கே எழுத்துகள், அவற்றில் ஒன்று கோடு. இந்த வடிவத்தில் ஊரில் வேறு எவரும் அடங்கமாட்டார். பணிக்காலம் முழுவதும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று வினாத்தாள் எழுதி, நிரப்பாமல் விட்ட பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவள் நான். இந்த ஒரு கோட்டை மட்டும் நான் நிரப்பியதில்லை. எனக்குப் பிரிவுபசார விழா நடத்தியவர்கள் அழைப்பிதழில் என் பெயருக்கு முன் கணவரின் முழுப்பெயரையும் சேர்த்திருந்தார்கள். அத்தனை அழைப்பிதழ்களையும் திருப்பி அனுப்பி, முதலெழுத்து மட்டும் போதும் என்று திருத்தி அச்சிடச் செய்தேன்.

மன்றத்தில் இரண்டு துணிகள் உண்டு. உலர்ந்த துணியைப் பற்றிச் சொன்னேன். மற்றொன்று ஈரத்துணி, அது ஒரு வாளிக்குள் கிடக்கும். மன்றத்தில் ஆட்கள் நிற்கும்போது பலகையை ஈரத்துணியால் துடைத்தால், நிற்பவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். வேறோர் ஊருக்குப் போவார்கள். போன ஊரில் பிறந்து வளர்ந்தவர்களாகவே வாழ்வார்கள். இங்கிருந்த எதுவும் அவர்கள் நினைவில் இராது.

சென்ற ஆண்டு மாவட்ட அலுவலகம் கேட்டதற்கிணங்க த%ராஜ் என்ற வடிவத்தை ஈரத்துணியால் துடைத்தோம். மிதிவண்டிக் கடை தவராஜும் அதில் போனார். பின்பொருநாள் அவர் மனைவி சுயம்புக்கனி பேருந்தில் ஏறியபோது, அவள் போய் உட்கார்ந்த இருக்கையில் அவரும் இருந்தார். "அம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அவளும் தள்ளி வைத்திருக்கிறாள். அது முதல் திங்கட்கிழமைதோறும் அவள் மன்றத்துக்கு வருகிறாள். நான் த%ராஜ் என்று எழுதுவேன். எவரும் வருவதில்லை. வெற்றுத் தரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வரேன் டீச்சர்," என்று சொல்லிப் போவாள்.

இந்த ஆண்டு ஆவணி மாதத்தில் செயல் அலுவலர் ஞானப்பிரகாசம் மாவட்டத்திலிருந்து வந்த ஆணையுடன் என் மேசைக்கு வந்தார். புதுநல்லூர் என்றொரு ஊர் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. தெருவிளக்கு எரிகிறது, குடிநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, பேருந்து நாள்தோறும் நின்று விசிலடித்துவிட்டுப் போகிறது. ஆட்கள்தாம் இல்லை.

"நம்ம ஊர்லேருந்து அனுப்பணுமாம் டீச்சர். வடிவத்தை அவங்களே கொடுத்துட்டாங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். %சாமி% என்று இருந்தது. கையெழுத்து மோசம். பொருள் தெளிவாக இருந்தது: பெயரின் முன்னாலோ பின்னாலோ நடுவிலோ, எங்கு சாமி இருந்தாலும் அவர் போக வேண்டும்.

"இதில் என் கணவரும் அடங்குவார்," என்றேன்.

"தெரியும் டீச்சர். என் மச்சினனும்தான் அடங்குறான். அவனைப் பத்தி எனக்கு வருத்தமில்லை."

"விலக்கு உண்டா?"

"உண்டு. பலகையில கீழே 'நீங்கலாக'ன்னு ஒரு வரி இருக்குல்ல, அதுல எழுதினா அவங்க தப்பிச்சாங்க. கல்யாணம் ஆகாதவங்களுக்கும் துணை இல்லாதவங்களுக்கும் வீட்டு ஆட்கள் யார் வேணும்னாலும் சொல்லலாம். கல்யாணம் ஆனவங்கன்னா வாழ்க்கைத்துணைதான் சொல்லணும்."

"நன்று. கு_சாமி என்று எழுதிக்கொள்கிறேன்."

செயல் அலுவலர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த வரியில வடிவம் செல்லாது டீச்சர். முழுப்பெயர்தான். போன வருஷம் வேற ஊர்கள்ல எல்லாரும் நீங்கலாக வரியில பர்சென்ட் போட்டு ஊரையே காப்பாத்தப் பாத்தாங்கன்னு இப்ப மாத்திட்டாங்க. கடைசியில ஒருத்தராவது போயாகணும்னும் போட்டிருக்கு."

அன்று மாலை வீட்டில் செய்தியைச் சொன்னேன். என் கணவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"புதுநல்லூர்ல தண்ணி நல்லா வருமா?" என்று கேட்டார்.

"தொட்டி நிரம்பி வழிகிறதாம்."

"அப்ப சமையலுக்குக் கஷ்டமில்லை." சற்று நேரம் துருவிவிட்டு, "அங்க போனா உன்னை ஞாபகம் இருக்காதுல்ல?" என்றார்.

"இராது."

"யாருக்குச் சமைக்கிறோம்னே தெரியாம சமைக்கணும்," என்றார். துருவல் தேவைக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் பலகையின் மேல்வரியில் %சாமி% என்று எழுதினேன். மன்றம் நிறைந்தது. குப்புசாமி, குழந்தைசாமி, சாமிக்கண்ணு, சாமிநாதன், வெறும் சாமி என்றே பெயருள்ள தையல்காரர் என அனைவரும் வந்தனர். சாமியம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்தபடியே வந்தாள். வாசலருகே, தலை நிலைப்படியில் இடிக்காதவாறு சற்றே குனிந்து, ஓங்கிய அரிவாளுடன் எல்லைக்கருப்பசாமி நின்றார். அவர் ஊர் எல்லையில் காவலிருப்பவர். %சாமி என்று முன்னெழுத்தில்லாமல் எழுதும்போதெல்லாம் அவரும் வருவார். உலர்ந்த துணியால் துடைக்கும்வரை ஓரமாக நிற்பார். அவர் பெயரை இந்த ஊரில் வேறு எவரும் வைத்துக்கொள்ளவில்லை.

அலுவலக உதவியாளர் வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தார். அவருக்குப் பெயர் கிடையாது. பெற்றோர் பெயர் வைப்பதில் உடன்பாட்டுக்கு வராமலே காலமாகிவிட்டார்கள். விழுக்காட்டுக் குறியை மட்டும் தனியாக எழுதி ஊர் முழுவதையும் அழைத்தாலும் அவர் வரமாட்டார். அதனால்தான் அவரை இந்த வேலைக்கு எடுத்தார்கள். வேலை நேரத்தில் எவரும் அவரை அழைத்துக்கொண்டு போக முடியாது.

செயல் அலுவலர் விதியைப் படித்து முடிப்பதற்குள் அன்னையர் முந்திக்கொண்டனர். மகன் பெயரைச் சொல்லத் தாய்க்குத் தடையில்லை. மணமாகாத சாமிகள் ஒவ்வொருவராக மீட்கப்பட்டு வீடு திரும்பினர். துணையை இழந்தவர்களைத் தங்கைமார் மீட்டனர். செயல் அலுவலரின் மைத்துனரையும் அவர் தாய் மீட்டுவிட்டார். செயல் அலுவலர் அதைக் குறுக்கிட்டுத் தடுக்கவில்லை, விதி விதிதான்.

சாமியம்மாளின் கணவர் முன்னால் வந்தார். கணவன் மனைவி பெயரைச் சொல்வதற்கும் எங்கள் ஊரில் தடையில்லை.

"சொல்லுங்க," என்றார் செயல் அலுவலர்.

அவர் கூரையைப் பார்த்தார். "இந்தான்னுதான் கூப்பிடுவேன்," என்றார்.

"இந்தா செல்லாது."

"நல்ல பேருதான் சார். வாயில நிக்குது."

சாமியம்மாள் சேலையை உதறினாள். "கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்துச்சே, அதுகூட வாசிக்கலையா? சாமியம்மான்னு சொல்லுய்யா."

"ஆமா, அதேதான்," என்றார் அவர். முழுப்பெயரையும் அவர் வாயால் ஒருமுறை சொல்லச் செய்த பிறகே எழுதினேன்.

எஞ்சியவர்கள் மணமான ஆண்கள். அவர்களுக்கு எதிரே மனைவியர் நின்றனர். எவரும் வாய் திறக்கவில்லை. ஈரத்துணியிலிருந்து சொட்டிய நீர் தரையில் பரவி அவர்கள் காலடிக்கு வந்தது. மனைவி பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சிய கணவர்களும் இருந்தனர்; சொல்லாமல் போய்விடுவாளோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர். இருவகையினரின் முகமும் ஒன்றுபோலவே இருந்தது.

"நேரமாகுது," என்றார் செயல் அலுவலர்.

மாரிக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க எழுதினா நாங்களும் சொல்லிருவோம். நீங்களே எழுதலைன்னா, படிக்காத நாங்க எப்படி டீச்சர் சொல்றது?"

அவளுக்குப் பின்னால் சுவரோரம் சுயம்புக்கனி நின்றாள். அன்று வெள்ளிக்கிழமை, அவள் வரும் நாளில்லை. இருந்தும் வந்திருந்தாள். கையிலிருந்த பையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் புதிய சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீங்கலாக வரியில் 'கு' என்று எழுதினேன். அடுத்து, கை தன் பழக்கத்துக்கு ஒரு கோட்டைப் போட்டது. அந்த வரியில் கோடு நிற்காது. சுண்ணம் பொடியாக உதிர்ந்து என் செருப்பின்மேல் விழுந்தது. இடம் வெறுமையாக இருந்தது. 'சாமி'யை அப்பால் எழுதி முடித்துவிட்டேன். நடுவில் ஓரெழுத்துக்கான இடம் மட்டும் இருந்தது.

"விடு," என்றார் என் கணவர். கையோடு வந்த அரிவாள்மணையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டிருந்தார். "அவரைக்காய் நறுக்கி வச்சிருக்கேன். கடுகு தாளிச்சாப் போதும். கருகவிட்டுறாத."

கோடிட்ட இடத்தை நிரப்பினேன்.

எந்த எழுத்தால் நிரப்பினேன் என்பதை இங்கே சொல்லமாட்டேன். விடைத்தாள் திருத்துபவர் விடையை வெளியில் சொல்வது முறையன்று.

பலகை ஏற்றுக்கொண்டது. என் கணவர் நின்ற இடத்தைச் சுற்றித் தரை உலர்ந்தது. இனி அவர் நடந்தே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவர் போகவில்லை. பலகையருகே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை நெடுநேரம் படித்தார்.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு," என்றார். பிறகு, "நடு எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதா விழுந்திருக்கு," என்றார்.

"இடம் போதவில்லை," என்றேன்.

"பரவாயில்லை. நிக்குது."

அதற்குப் பிறகு மன்றத்தில் பெருங்கூச்சல். மனைவியர் அனைவரும் ஒரே நேரத்தில் பெயர்களைச் சொல்லத் தொடங்கினர். வரிசையில் வருமாறு மேசையைத் தட்டிப் பணித்தேன். ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னாள். பெயர் சொல்லப்பட்ட கணவர்கள், சட்டையில்லாமல் தெருவில் நிற்பவர்களைப் போலக் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டனர்.

மாரிக்கனி, "குமாரசாமி," என்றாள். எழுதினேன். அவள் நகரவில்லை. "குமாரசாமி," என்று மறுபடி சொன்னாள். பின் சற்று உரக்க, "ஏ, குமாரசாமி!" என்றாள்.

"ஒருமுறை போதும்," என்றேன்.

"நல்லா இருக்கு டீச்சர், சொல்றதுக்கு. இத்தனை வருஷம் இதை வாய்க்குள்ளேயே வச்சிருந்திருக்கேன்."

"போதும்டி, ஆலையில கோதுமை கிடக்கு," என்றார் குமாரசாமி. தலையிலிருந்து மாவு கொட்டியது. காதுகள் சிவந்திருந்தன.

நண்பகலுக்குள் நீங்கலாக வரி நிரம்பி, பலகையின் சட்டத்திலும் சில பெயர்களை எழுத வேண்டியதாயிற்று. மன்றம் காலியானது. செயல் அலுவலர் ஆணையை மீண்டும் படித்தார். ஒருவராவது போக வேண்டும் என்பது அதில் மாறாமல் இருந்தது. அவர் முகம் வாடியது. எவரையும் அனுப்பாவிட்டால் அவரையே அனுப்பிவிடுவார்கள் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

"சார், ஒருத்தர் நிக்கிறார்," என்றார் உதவியாளர்.

வாசலருகே எல்லைக்கருப்பசாமி குனிந்தவாறு நின்றுகொண்டிருந்தார்.

செயல் அலுவலர் அருகில் போய், "உங்க வீட்டு ஆட்கள் யாராவது வராங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு யாருமில்லை," என்றார் எல்லைக்கருப்பசாமி.

"மன்னிக்கணும். விதி அப்படி இருக்கு."

"சரி. அந்த ஊருக்கு எல்லை எது?"

"நாலு பக்கமும் வயல்தான். நீங்களே பாத்து ஒரு பக்கமா நின்னுக்கோங்க. விளக்கு வசதி எல்லாம் இருக்கு."

அவர் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். உதவியாளர் பலகையை மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்தார். மேல்வரியோடு நீங்கலாக வரியிலிருந்த பெயர்களும் அழிந்தன. வாசலில் ஒரு செவ்வரளி மாலை கிடந்தது. உதவியாளர் அதை எடுத்து வாளியின் பிடியில் மாட்டினார்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து மறுநாளே நன்றி தெரிவித்தார்கள். புதுநல்லூர் நல்ல காவலில் இருப்பதாகவும், இனி அங்கே குடியேற மக்கள் தாமாகவே விண்ணப்பிப்பார்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து மன்றத்தில் கூட்டம் குறைந்துவிட்டது. மனைவியர் வாசலில் நின்றே கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர்களும் நடந்தே வருகிறார்கள். தாமதமாகிறது என்ற குறை மட்டும் உண்டு. என் கணவர் ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, "அதை இன்னொரு தடவை எழுதுவியா?" என்று கேட்டார். தேவை ஏற்பட்டால் எழுதுவேன் என்றேன். அதற்குள் நடு எழுத்தின் அளவைத் தனித்தாளில் எழுதிப் பழகி வருகிறேன். தாளை அவ்வப்போது கிழித்துவிடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மன்றத்தைத் திறந்தபோது வரிசையில் இருவர் நின்றார்கள். முன்னால் சுயம்புக்கனி. அவளுக்குப் பின்னால் எல்லைக் கோயிலின் மண்குதிரை. அதன் இடப்பக்கக் காது சற்றே உடைந்திருந்தது. சுயம்புக்கனிக்கு த%ராஜ் என்று எழுதினேன். எவரும் வரவில்லை. அவள் வெற்றுத் தரையைப் பார்த்தாள். குதிரையும் அவளோடு சேர்ந்து பார்த்தது. அவள் போகும்போது, அது உள்ளே வருவதற்கு வசதியாகத் தன் பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரை அழைக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

குதிரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

"முதல் எழுத்தையாவது சொல்."

அது முன்னங்காலை நீட்டித் தரையில் ஒரு கோடு கிழித்தது. அதையடுத்து இன்னொன்று. இப்படியே வாசல்வரை கோடுகளைக் கிழித்துக்கொண்டு போய் நிறுத்தியது. எண்ணிப் பார்த்தேன், பெயரின் நீளம் சரியாக இருந்தது. ஓரெழுத்தைக்கூட அது வெளிவிடவில்லை. கோடுகள் நேராகவும், இடைவெளிகள் சமமாகவும் இருந்தன.

என் பணிக்காலத்தில் இவ்வளவு திருத்தமான கையெழுத்தை நான் கண்டதில்லை. அதை அப்படியே பலகையில் எழுதலானேன்.